நாலாவது இடத்துக்குப் பித்தளை

நான் ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அதனால் அந்த வகுப்பைப் பற்றி மற்றவர்களைவிட எனக்கு இரண்டு மடங்கு தெரியும். ஏழாம் வகுப்பு என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதுண்டு, போய்ப் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் ஊரே பொது அறிவுக் கேள்வி கேட்டது என்றால் அது ஊரின் தப்பா, என் தப்பா என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் பஞ்சாயத்து நடந்தது. (என் தப்புதான் என்று தீர்ப்பாகிவிட்டது. நான் மட்டும் இன்னும் அப்பீலில் இருக்கிறேன்.)

செஞ்சியில் எனக்குக் குட்டியானை வண்டி ஓட்டுகிற வேலை. நெல் மூட்டையும் மணிலாக்கொட்டை மூட்டையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட் கமிட்டிக்குப் போவேன். எடை போட்டு முடியும் வரை சும்மா உட்கார வேண்டும். கைக்கு வேலை இல்லாதபோது என் வாய் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். கமிட்டிக்கு எதிரே கோபால் அண்ணன் டீக்கடை. அங்கே ஒரு டிவி உண்டு, படம் மட்டும் ஓடும், சத்தம் வராது. அதுதான் என் காலேஜ். மிச்சப் படிப்பெல்லாம் வடை மடித்துத் தருகிற பேப்பரில். அதனால்தான் என் அறிவு எப்போதும் பாதியில் நிற்கும். மீதி எண்ணெயில் ஊறிப் போயிருக்கும்.

விளையாட்டுச் செய்தி என்றால் நான்தான் அங்கே வாத்தியார். ஒலிம்பிக் ஏன் நாலு வருடத்துக்கு ஒரு தடவை என்று ஒருவர் கேட்டார். "வருசா வருசம் வெச்சா தங்கத்துக்கு எங்க போவான்?" என்றேன். கடையே தலையாட்டியது. ஒலிம்பிக்கைவிட ஆசிய விளையாட்டுப் போட்டிதான் பெரியது என்றேன். நமக்கு அங்கேதானே நிறையப் பதக்கம் வருகிறது, பெரிய இடத்தில்தானே நிறையக் கொடுப்பார்கள். காமன்வெல்த் போட்டி என்றால் வெள்ளைக்காரன் ஆண்டுவிட்டுப் போன நாடுகள் எல்லாம் கூடி ஆடுவது. இது சரியாகவே தெரியும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முன்னாடி ஓடுறவன் வெள்ளக்காரன். பின்னாடி ஓடுறவன்லாம் தூக்கினு போன சாமானக் கேட்டுத் தொரத்துறான்" என்று விளக்கமும் கொடுத்தேன். ஹாக்கியில் எட்டுத் தங்கம், துப்பாக்கி சுட்டதில் ஒன்று என்று சொல்லும்போது, அந்தத் துப்பாக்கியை நானே சுட்டுவிட்டு வந்து டீ குடிக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். அதற்கு மேல் யாராவது கேட்டால், "வண்டிய எடுக்கணும்பா" என்று எழுந்துவிடுவேன்.

என் அக்காவைத் தொண்டூரில் கொடுத்திருக்கிறது. அவள் மகள் பவானி ஓட்டக்காரி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். விடியற்காலையில் கோட்டை அடிவாரத்தில் போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகுகிற பையன்கள் சிலர், அவள் வருகிற நேரம் தெரிந்து வேறு பக்கம் போய் ஓடுவார்கள். அவள் பத்தாவது படிக்கும்போது, வெளியூர் விளையாட்டு விடுதியில் சேர்த்தால் எங்கேயோ போய்விடுவாள் என்று பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். பவானியின் அப்பா, அதாவது என் ஏழுமலை மாமா, அதிகம் பேச மாட்டார். பேசினால் கண்டிஷன்தான்.

"ஸ்டேட்டு போட்டிக்குப் போறா இல்ல, மெடல் வாங்கினு வரட்டும், அனுப்புறேன். இல்லன்னா ஓடுறத இத்தோட நிறுத்திக்கினும்" என்றார்.

அவள் சாப்பாட்டைக்கூட ஓடிக்கொண்டே சாப்பிட்ட நாட்கள் அவை.

போட்டி அன்றைக்கு நானும் மாமாவும் கோபால் அண்ணன் கடையில் இருந்தோம். மாமாவின் நெல் உள்ளே எடைக்கு நின்றது. போன் வந்தது. அவர் போனில் காதில் வைத்துப் பேசுகிற பகுதி செத்துப் போனதால் எப்போதும் ஸ்பீக்கர்தான். அவர் வீட்டு ரகசியம் எல்லாம் கமிட்டி வாட்ச்மேன் வரைக்கும் தெரியும்.

"நைனா, நாலாவது வந்துட்டேன்" என்றது பவானியின் குரல். அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா தெரியவில்லை. அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

மாமா என் பக்கம் திரும்பினார். "மச்சான், நாலாவதுக்கு இன்னா குடுப்பான்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் கடையே வடையைக் கடிக்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பித்தளை" என்றேன்.

"பித்தளையா?"

"ஆமா மாமா. மொதல்ல தங்கம், ரெண்டாவது வெள்ளி, மூணாவது வெண்கலம். வெண்கலத்துக்கு அடுத்தது இன்னா? நீயே பாத்திரக்கடைல போய்ப் பாரு, வரிசையா அடுக்கி வெச்சிருக்கான். பித்தளை, எவர்சில்வர், அலுமினியம். கடசியா வர்றவனுக்கு பிளாஸ்டிக்."

கோபால் அண்ணனுக்கு ஒரு சந்தேகம். "டிவில மூணு பேர்தானப்பா படி மேல ஏறி நிக்கிறான்?"

"படி மூணுதான் செஞ்சி வெச்சிருக்கான். மத்தவங்கள ஆபீஸ்ல கூப்ட்டுக் குடுப்பான்."

(நானே இதை நம்பினேன் என்பதுதான் இதில் கேவலமான பகுதி. சொல்லி முடித்தபோது, ஏற்கெனவே எங்கோ படித்தது போலவே இருந்தது.)

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "பித்தளையும் மெடல்தான. சொன்னது சொன்னதுதான். அனுப்பிட வேண்டியதுதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வார்த்தையில் ஒரு பெண்ணின் எதிர்காலத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

செஞ்சிக்கோட்டை பின்னால், ஒலிம்பிக் வளையம் மேலே, மூலையில் பவானியின் பஸ் பாஸ் படம் தபால் தலை அளவுக்கு. நடுவில் நான், கூலிங் கிளாஸ் போட்டு, காதில் போனோடு. (யாருடன் பேசுகிறேன் என்று கேட்காதீர்கள். பிளெக்ஸில் நிற்கிற எவனுக்கும் மறுமுனையில் ஆள் கிடையாது.) கீழே எழுத்து: "மாநில அளவில் பித்தளைப் பதக்கம் வென்ற தங்க மங்கையே வருக!"

கடைக்காரர் டைப் அடித்துவிட்டுக் கையை எடுத்தார். "அண்ணே, பித்தளைன்னு ஒரு மெடல் இருக்குதாண்ணே?"

"நீ காமன்வெல்த்து பாத்திருக்கியா?"

"இல்லண்ணே."

"அப்ப பிரிண்ட்ட போடு."

அதோடு விட்டேனா. அரசாங்கம் தருகிற பித்தளை சின்னதாக இருந்தால் போட்டோவில் தெரியாதே என்று கவலை வந்தது. பாத்திரக்கடைக்குப் போய் ஒரு சின்னத் தாம்பாளம் வாங்கினேன். லேத்துப் பட்டறையில் ஓட்டை போட்டு மூவர்ண ரிப்பன் கோத்தேன். பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டித் தருவார்களே, அங்கேயே வெட்டச் சொன்னேன்: "பவானி 4வது பரிசு. தாய்மாமன் சேகர் அன்பளிப்பு." காதுகுத்துக்கும் இதையே வெட்டுவார்கள் என்பதால் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மேளம், மாலை, பட்டாசு. மாமா வெள்ளை வேட்டியில். அக்கா ஆரத்தித் தட்டோடு. கோபால் அண்ணன் கடையை மூடிவிட்டே வந்துவிட்டார். விழுப்புரம் பஸ் வந்து நின்றது. டீச்சர் முதலில் இறங்கினார், பின்னால் பவானி. மேளத்தைப் பார்த்து, வேறு யாருக்கோ வழிவிடுவது போல ஒதுங்கி நின்றாள். பிறகு பிளெக்ஸைப் பார்த்தாள். முதலில் என் முகம், அப்புறம் எழுத்து, கடைசியில் தேடிப்பிடித்துத் தன் முகம்.

"மாமா, இது இன்னா?"

"ஒனக்குத்தான்."

"பித்தளைன்னு போட்டிருக்குது."

"வெண்கலம்னு பொய்யா போடச் சொல்றியா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் கெடையாது. எங்க மெடல், பையில இருக்குதா? எடுத்து மாட்டு, போட்டோ எடுக்கணும்."

"நாலாவதுக்கு மெடலே கெடையாது மாமா. சர்டிபிகேட்தான்."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான். நான் டீச்சரிடம் திரும்பினேன்.

"டீச்சர், புள்ளையோட பித்தளய யாரு வாங்கி வெச்சிருக்காங்க?"

"என்னங்க?"

"மறைக்காதீங்க டீச்சர். யாருன்னு பேர மட்டும் சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்." கூட்டத்தைப் பார்த்தும் கையை நீட்டினேன். "பாத்தீங்களா, கிராமத்துப் புள்ளன்னா பித்தளையக்கூட அமுக்கிடுறானுங்க."

மேளக்காரர்கள் இது போராட்டம் என்று நினைத்து அடியை மாற்றினார்கள். பின்னாலிருந்து யாரோ "பித்தளையைத் திருப்பிக் கொடு" என்று கோஷமே போட்டுவிட்டான். இரண்டு பேர் திருப்பியும் சொன்னார்கள்.

டீச்சர் நல்ல மனுஷி. சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உள்ளூர்ப் போட்டியிலேருந்து ஒலிம்பிக் வரைக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம், அவ்ளோதாங்க. பித்தளைன்னு உலகத்துல எங்கயும் கெடையாது" என்றார்.

மேளம் நின்றது. அந்த அமைதியில் கோபால் அண்ணன் கேட்டது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. "அப்ப கடசியா வர்றவனுக்கு பிளாஸ்டிக்கும் கெடையாதா?"

சிரிப்பு பஸ்ஸுக்குள்ளேயும் ஏறிவிட்டது. கண்டக்டர் விசில் ஊத முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்காதவர்கள் மூன்று பேர்தான்: நான், பவானி, மாமா.

"மெடல் இல்லல்ல" என்றார் மாமா. "அப்ப பேச்சு முடிஞ்சிது. வா ஊட்டுக்கு."

அப்போதுதான் நான் செய்து வைத்த வேலை எனக்கே உறைத்தது. நான் சும்மா இருந்திருந்தால், டீச்சர் வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்து, மெதுவாகப் பேசி, மனிதரைக் கரைத்திருப்பார். மேளம் வைத்துக் கூட்டி வந்து ஊர் சிரிக்க நிற்க வைத்த பிறகு, எந்த அப்பன் இறங்கி வருவான்? ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் மூன்று பேர்தான் அவளை முந்தினார்கள். பஸ் ஸ்டாண்டில் அவள் காலை வாரியவன் நான் ஒருத்தன்.

பவானி நகரவில்லை. "நைனா, நாலாவதுக்கு அனுப்புறேன்னு நேத்து சொன்னியாமே. அம்மா போன்ல சொல்லிச்சி."

"பித்தளைக்குன்னு சொன்னேன்."

"நாலாவது வந்ததுக்குத்தான பித்தளை? நான் என் வேலய முடிச்சிட்டேன். பித்தளை இல்லாதது ஒலகத்தோட தப்பு. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

கூட்டத்தில் "ஞாயந்தான" என்று ஒரு குரல் வந்தது. டீச்சரும் விடவில்லை.

"ஐயா, ஓட்டத்துல நம்ம நாட்டுக்குப் பேர் வாங்கிக் குடுத்தவங்க யாருன்னா எல்லாரும் ரெண்டு பேரச் சொல்லுவாங்க. ஒருத்தர் ரோம் ஒலிம்பிக்ல ஓடினார். இன்னொருத்தங்க லாஸ் ஏஞ்சல்ஸ்ல. அங்க ரெண்டு பேருமே நாலாவதுதான். அந்தம்மாவுக்கு ஒரு செகண்டுல நூத்துல ஒரு பங்குல வெண்கலம் போச்சு. இன்னிக்கும் ஊர் ஒலகம் அவங்க பேரச் சொல்லுது."

மாமா யோசித்தார். "அவங்களுக்கு எவனாவது பித்தளைன்னு பிளெக்ஸ் வெச்சானா?"

"இல்லீங்க. அவங்க வீட்ல இவர மாதிரி யாரும் இருந்திருக்க மாட்டாங்க."

மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிளெக்ஸில் இருந்த என்னைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். என் கையில் தாம்பாளம் வெயிலில் தகதகவென்று மின்னியது.

"அது இன்னா கையில?"

மறைக்கிற அளவிலா அது இருந்தது? கொடுத்தேன். வெட்டியிருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்து நான் ஒரு அடி பின்னால் போனேன். சிரிப்பு. கல்யாணத்தில்கூட சிரிக்காத மனிதர்.

"பவானி, நீ கெளம்பு. ஹாஸ்டலுக்குப் போ" என்றார். "வெளிய போய் நாலு விஷயம் கத்துக்காம இங்கயே கெடந்தா இன்னா ஆவும்னு எனக்கு இவ்ளோ நாள் தெரியல. இன்னிக்குக் கண்ணால பாத்துட்டேன்." கையால் என்னைக் காட்டினார். "இது மாதிரி ஆயிடுவ."

பிறகு அந்தத் தாம்பாளத்தின் ரிப்பனை விரித்துப் பிடித்து என் கழுத்தில் மாட்டினார். "போட்டுக்க மச்சான். கடசியா வந்தவனுக்கும் ஏதாவது குடுக்கணும்ல. பிளாஸ்டிக் கைவசம் இல்ல."

மேளக்காரர்கள் இந்தமுறை சரியாக அடித்தார்கள். அக்கா ஆரத்தியை யாருக்கு எடுப்பது என்று தெரியாமல், கற்பூரம் அணைந்துவிடுமோ என்று எனக்கே எடுத்துவிட்டாள்.

பவானி விடுதிக்குப் போனாள். அடுத்த வருடம் மாநிலப் போட்டியில் மூன்றாவது வந்தாள், நிஜ வெண்கலம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அவளே பி.டி. டீச்சர். பிளெக்ஸ் என் குட்டியானையில் தார்ப்பாயாக இருக்கிறது. நல்ல கெட்டி, மழை ஒரு சொட்டு உள்ளே இறங்காது. திண்டிவனம் ரோட்டில் எனக்குப் பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் எழுத்தைப் படித்துவிட்டு, என்னை முந்தும்போது எட்டி எட்டி முகத்தைப் பார்ப்பார்கள். ஒலிம்பிக் வந்தால் நான் டீக்கடை மாற்றிவிடுகிறேன்.

அக்கா வீட்டு ஷோகேஸில் பவானியின் வெண்கலத்துக்குப் பக்கத்தில் என் தாம்பாளமும் தொங்குகிறது. வெண்கலம் கறுத்துப் போய்விட்டது. பித்தளையை மட்டும் அக்கா பண்டிகைக்குப் பண்டிகை புளி போட்டுத் தேய்த்து வைக்கிறாள். அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

"ஏங்க, இவ்ளோ பெருசா இருக்குதே, இதுதான் தங்கமா?" என்று கேட்பார்கள்.

நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் மாமா தயங்குவதில்லை.

"அது மெடல் இல்லீங்க. எங்க மச்சானோட ஜெனரல் நாலெட்ஜ்."