துப்பாக்கிப் பொறுக்கி

துப்பாக்கிப் பொறுக்கி என்று ஓர் இனம் உண்டு. முகம் சுளிக்காதீர்கள், திட்டவில்லை. அரிசியில் கல் பொறுக்குவது போல ஆயுள் முழுக்கத் துப்பாக்கி பொறுக்கிக்கொண்டே இருப்பவர் என்ற நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். வேட்டைக்காரர் வேறு, இவர் வேறு. வேட்டைக்காரர் மிருகத்தைத் தேடிப் போகிறவர். இவர், தேடிப் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று யோசிக்கிறவர். முன்னவர் பனியில் நனைந்து, மூக்கு சிவந்து, பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார். இவர் நனைவதே இல்லை.

வடக்கு டகோட்டாவின் மேற்குக் கோடியில், எங்கள் ஊரில், இந்த இனம் அக்டோபரில் கண் விழித்து ஏப்ரல் வரை லீலண்ட் கட்ர்மஸின் இரும்புக் கடையில் காபிப் பாத்திரத்தைச் சுற்றி மேயும். நானும் மேய்ந்திருக்கிறேன். ஆனாலும் எங்கள் எல்லாருக்கும் தலைவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அது ஓரின் ஹௌக்லண்ட்தான். மாவட்டத்து மண்சாலைகளைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தெட்டு. சொந்தமாகத் துப்பாக்கி பதினொன்று.

எதற்குப் பதினொன்று? அப்படிக் கேட்கக் கூடாது. கயோட்டி என்ற சிறு ஓநாய், செந்நரி, ராக்கூன் என்று தோலுக்காக வேட்டையாடுகிற மிருகங்களில் ஒரு சங்கடம் இருக்கிறது: மிருகம் சாக வேண்டும், ஆனால் அது தோலுக்குத் தெரியக் கூடாது. குண்டு பெரிதாக இருந்தால் தோல் கந்தலாகிவிடும். சிறிதாக இருந்தால் காற்று அதைப் பக்கத்து மாவட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே அங்குலத்தை நூறாகப் பிளந்து அதில் பதினேழு பங்கு பருமனுள்ள குண்டா, இருபத்திரண்டா, அல்லது ஆயிரமாகப் பிளந்து இருநூற்று நாலா என்று கணக்குப் போடுவார்கள். ஒன்றை ஏன் நூறாகவும் இன்னொன்றை ஏன் ஆயிரமாகவும் பிளக்க வேண்டும் என்று நீங்கள் வாய் தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. உங்களைப் பிடித்து உட்காரவைத்து, காபி ஊற்றிக் கொடுத்து, பனி உருகும் வரை விடமாட்டார்கள்.

ஓரினின் மனைவி ஆர்டிஸ் தபால் நிலையத்தில் வேலை செய்கிறாள். அவள் ஒருநாள் சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்: "பதினோரு துப்பாக்கி உனக்குப் போதல. பொண்டாட்டி மட்டும் ஒண்ணு போதும்னு எப்படி முடிவு பண்ணே?"

"அந்த வருஷம் வேற மாடல் எதுவும் வரல" என்றார் ஓரின். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் அவருக்குக் குறைச்சலே கிடையாது. அதுதான் இந்த இனத்தின் தனி அடையாளம். நோய் என்னவென்று தெரியும். மருந்து எந்த மாத்திரை என்று முடிவு செய்வதில்தான் தாமதம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், ஜனவரி முதல் வாரத்தில், லவோன் பிராஸ் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஊருக்குத் தெற்கே தனியாக எண்பது ஆடு வளர்க்கிறவள். ஓரினோடு ஒரே வகுப்பில் படித்தவள். பனியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து முழங்கை வரை கட்டு.

"ஓரின், உன்னைப் பாக்கத்தான் வந்தேன். கயோட்டி ஜோடி ஒண்ணு என் ஆட்டுக்குப் பழகிடுச்சு. போன வாரம் ரெண்டு. ரெண்டும் வயித்துல குட்டியோட. இந்தக் கையை வெச்சிக்கிட்டு என்னால சுட முடியல."

"சனிக்கிழமை வந்துடறேன், லவோன்."

"நிச்சயமா?"

"இவரு மாவட்டத்திலேயே பெரிய நிபுணரும்மா" என்றான் கல்லாவில் சாய்ந்திருந்த லீலண்ட். "கயோட்டியே இவர்கிட்ட வந்து எந்தக் குண்டால சாகலாம்னு யோசனை கேட்டுட்டுப் போகும்."

எல்லாரும் சிரித்தோம். லவோன் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு போச்சுன்னா மொத்த மந்தையையும் ஏலத்துக்கு அனுப்பிடுவேன். மார்ச்சுல குட்டி போடற நேரத்துல ராப்பகலா காவல் காக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் சனிக்கிழமை ஓரின் பதினேழை எடுத்துத் துடைத்தார். ஊசி போட்ட மாதிரி துளை. உள்ளே போன குண்டு வெளியே வராது. தோலுக்குச் சேதமே இல்லை. கதவைத் திறந்தார். காற்று தொப்பியைப் பறித்துக்கொண்டு போயிற்று. பதினேழுக்குக் காற்று ஆகாது. கதவைச் சாத்தினார்.

இரண்டாவது சனிக்கிழமை காற்று இல்லை. ஆனால் இருபத்திரண்டு-இருநூற்றைம்பது என்று தொலைபேசி எண் போல ஒரு பெயர் கொண்ட துப்பாக்கி இருக்கிறதே, அது இன்னும் தூரம் போகுமே என்று தோன்றிவிட்டது. போகும்தான். ஆனால் எலும்பில் பட்டால் மறுபக்கம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கிழியும். இதைப் பற்றி லீலண்டுக்குத் தொலைபேசி போட்டார். பேசி முடிக்கையில் மத்தியானம் ஆகிவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை, இரண்டுக்கும் நடுத்தரமான இருநூற்று நாலுதான் என்று முடிவாயிற்று. முடிவான பிறகுதான், அதன் தொலைநோக்கியைக் கடும் குளிரில் சரிபார்க்கவில்லையே என்ற ஞாபகம் வந்தது. சரிபார்த்தார். பிரமாதமாக இருந்தது. இருட்டிவிட்டது.

"லவோன் தபால் ஆபீசுக்கு வந்தா" என்றாள் ஆர்டிஸ். "உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

"கோவமா இருந்தாளா?"

"கோவமா இருந்தா கேட்டிருப்பா."

அது தைத்தது. நாலாவது சனிக்கிழமை விடியுமுன் ஓரின் கிளம்பியேவிட்டார். பதினேழா, இருநூற்று நாலா என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காததால் இரண்டையும் எடுத்துக்கொண்டார். வெள்ளை அங்கி போட்டு, லவோன் வீட்டுக்கு மேற்கே உள்ள மேட்டில், பனியில் படுத்து, ஒரு துப்பாக்கியை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் வைத்துக்கொண்டு, கயோட்டியை வரவழைக்க, அடிபட்ட முயல் அலறுவது போலக் குழலை ஊதினார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கயோட்டி வந்தது.

அறுபது அடி தூரத்தில் நின்று பார்த்தது. பிறகு, நம்புங்கள், உட்கார்ந்தது. வாலைச் சுற்றி வைத்துக்கொண்டு, வீட்டு நாய் மாதிரி. ஓரினின் கை இருநூற்று நாலுக்குப் போயிற்று. இவ்வளவு கிட்டத்தில் அது எதற்கு, பதினேழே போதுமே என்று மனம் சொன்னது. கை பதினேழுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து லேசாகக் காற்றடித்தது. கை மறுபடி இந்தப் பக்கம் போயிற்று. காற்று நின்றது. கை மறுபடி அந்தப் பக்கம். கயோட்டி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பதினேழுதான் என்று தீர்மானித்து, சட்டைப் பையில் இருந்து தோட்டாவை எடுத்துப் போட்டு, தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் தள்ளினார். மூடவில்லை. ஓங்கித் தள்ளினார். மூடவில்லை. எப்படி மூடும்? அது இருநூற்று நாலின் தோட்டா.

கயோட்டி எழுந்தது. சோம்பல் முறித்தது. போய்விட்டது.

இதோடு விட்டிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. திரும்பும் வழியில் வாசலில் நின்றிருந்த லவோன், "என்னாச்சு?" என்று கேட்டாள். ஓரின் வண்டியின் கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஒண்ணும் வரல, லவோன்" என்றார்.

"அப்படியா" என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை ஓரின் அந்தப் பக்கத்துச் சாலையில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். லவோன் ஒற்றைக் கையால் டிராக்டரைத் திருப்பி, சங்கிலியில் கட்டி எதையோ இழுத்துப் போய்க்கொண்டிருந்தாள். பனியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்துகொண்டே போயிற்று. பெட்டை ஆடு. வயிறு பெரிது.

ஓரின் வண்டியை நிறுத்தி இறங்கினார். வேலிவரை நடந்தார். ஐம்பது கஜம் இருக்கும். அவருக்கு அது நெடுந்தூரமாக இருந்தது. எந்தத் துப்பாக்கியும் கையில் இல்லாமல் அவர் அப்படி நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அன்னிக்குக் கயோட்டி வந்துச்சு, லவோன்" என்றார். "நான்தான் வரல."

லவோன் டிராக்டரை அணைத்தாள். "தெரியும். சமையலறை ஜன்னல்ல இருந்து பைனாக்குலர்ல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது வந்து, உக்காந்து, எழுந்து போற வரைக்கும் பாத்தேன். நீ சீட்டாடற மாதிரி இருந்துச்சு."

"பொய் சொல்லிட்டேன்."

"அதுவும் தெரியும்."

"அப்பவே ஏன் திட்டல?"

"திட்டினா நீ இன்னொரு துப்பாக்கி வாங்குவே."

ஓரினுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆட்டைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. லவோன் கொட்டகைக்குள் போய், பிடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு துப்பாக்கியையும் இரண்டு தோட்டாவையும் கொண்டுவந்து நீட்டினாள். பல வருஷம் டிராக்டரில் கிடந்து கோழி எச்சம் படிந்த துப்பாக்கி.

வழக்கம் விடுமா? வாய் தன்னாலே சொல்லிற்று: "இது இருநூத்தி நாப்பத்திமூணாச்சே. மான் சுடறது. தோலு கிழிஞ்சி நாராயிடும், லவோன்."

"தோலு யாரு கேட்டா?"

ஓரின் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். நாலு வாரம், பதினொரு துப்பாக்கி, லீலண்டோடு ஏழெட்டுத் தொலைபேசிப் பேச்சு. இந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, லவோனின் துப்பாக்கியோடு அதே மேட்டில் படுத்தார். இடப்பக்கம் ஒன்றும் இல்லை, வலப்பக்கமும் ஒன்றும் இல்லை. யோசிக்க எதுவுமே இல்லாதது எவ்வளவு பயமாக இருந்தது என்று பின்னால் அவரே சொன்னார்: இனிமேல் தவறினால் தப்பு துப்பாக்கி மேல் இல்லையே! இந்த முறை ஒரு மணி நேரம் ஊத வேண்டியிருந்தது. கயோட்டி உட்காரவில்லை. சரிவில் குறுக்கே ஓட்டமும் நடையுமாகப் போயிற்று. ஓரின் வாயால் ஒரு சத்தம் கொடுத்தார். அது ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது. சுட்டார்.

கிட்டே போய்ப் பார்த்தபோது அது கிழட்டுப் பெண் கயோட்டி. பல்லெல்லாம் தேய்ந்திருந்தது. மானைத் துரத்தும் தெம்பு போய், வேலிக்குள் நிற்கும் ஆட்டுக்கு வந்திருக்கிறது. ஓரின் கையுறையைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. லவோன் ஜன்னலில் கையை, கட்டுப் போட்ட கையைத்தான், தூக்கிக் காட்டினாள். இவரும் தூக்கினார். ஜோடியில் மற்றதன் காலடி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தென்படவில்லை. மந்தை ஏலத்துக்குப் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தோல் வாங்குகிறவர் தன் லாரியோடு வந்தார். ஓரின் கொண்டுவந்த கயோட்டித் தோலை விரித்தார். ஒரு பக்கம் சிறிய துளை. மறுபக்கம் இருந்த துளை வழியாகத் தன் கையை மணிக்கட்டு வரை நுழைத்து, அந்தப் பக்கம் நின்ற ஓரினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். இது தோல் இல்ல, ஜன்னல்" என்றார்.

இதையெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஓரினே சொன்னார். லீலண்டின் கடையில், நாங்கள் அத்தனை பேரும் இருக்கும்போது, ஒன்றையும் மறைக்காமல்: மூடாத போல்ட், உட்கார்ந்த கயோட்டி, பாதி இறக்கிய கண்ணாடி, சொன்ன பொய், எல்லாம். முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆட்டைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது. "நாலு வாரமா நான் துப்பாக்கியைத் தேடலய்யா. போகாம இருக்கறதுக்குக் காரணத்தைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்று முடித்தார்.

லீலண்ட் தொண்டையைக் கனைத்தான். ஏதோ ஆறுதலாகச் சொல்லப்போகிறான் என்று நினைத்தோம்.

"யோவ் ஓரின், அந்தத் தோட்டா எத்தனை கிரெயின் எடை?"

நாற்காலிகள் எல்லாம் ஓர் அடி முன்னால் நகர்ந்தன. என்னுடையதும்தான்.

உங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். நீங்கள் துப்பாக்கியைத் தொட்டதில்லை, கயோட்டியைக் கண்டதில்லை, உங்களுக்கும் இந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம்? நியாயம்தான். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: காலையில் அரைமணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரே, அதற்கு எந்த ஷூ நல்லது என்று எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? வேண்டாம், சொல்ல வேண்டாம். ஆனால் ஏதாவது முடிவுக்கு வந்திருந்தால், எந்த ஷூ என்பதை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். நானும் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.