கடைசித் தாளை வெட்டிய தையல்காரர்

இந்த முறை கொலைகாரனைத் தானே கண்டுபிடிப்பது என்று தையல்காரர் சபதம் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துப்பறியும் நாவலைக்கூட நிம்மதியாக முடிக்க விட்டதில்லை அவர் மனைவி. மனிதர் பாதிக் கதையில் இருப்பார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "தோட்டக்காரன்தாங்க" என்பாள். அத்தோடு புத்தகம் செத்தது.

"கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமா பாத்துட்டுப் பேசறா. மூளையா இருக்கு அவளுக்கு?" என்று தையல் மெஷினிடம் பொருமுவார். அது ஒன்றுதான் அவரை எதிர்த்துப் பேசாது.

நூலகத்தில் பழைய துப்பறியும் நாவல்களை மலிவு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பழுப்புத் தாளில் சுற்றிய கட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். வாங்குகிறவனுக்கு ஆச்சரியமாக இருக்குமாம்! அடுக்கி வைக்கச் சோம்பல் என்று சொல்ல நூலகருக்கு வாய் வரவில்லை.

தையல்காரர் ஒரு கட்டு வாங்கினார். தன் தையல் கடையிலேயே பிரித்தார். ஐந்து நாவல்கள். பெரிய கத்தரியை எடுத்து ஒவ்வொன்றின் கடைசித் தாளையும் பிசிறில்லாமல் வெட்டினார். பட்டுத் துணியைக்கூட அப்படி வெட்டியதில்லை. தாள்களைப் பொத்தான் டப்பாவில் பூட்டிவிட்டு, புத்தகங்களை வீட்டு மேஜையில் போட்டார்.

"இப்ப சொல்லுடி பார்ப்போம்!"

"என்னங்க, எலி கடிச்சிருக்கு?"

"எலி இல்ல, நான்!"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவள் ஒரு புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ஒரு வாரத்தில் ஐந்தையும் படித்து முடித்தாள், கொலைகாரனைப் பற்றி வாயே திறக்கவில்லை. தையல்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நீல அட்டை நாவலை முடித்து, மீசையை நீவிக்கொண்டு டப்பாவைத் திறந்தார்.

ஒரு தாளிலும் புத்தகத்தின் பெயர் இல்லை. பக்க எண்ணும் ஐந்திலும் ஒரே எண்தான். எழுதிய புண்ணியவான் ஐந்திலும் அதே துப்பறிவாளரை, அதே ஆட்களோடு, அதே பங்களாவில் விட்டிருந்தான். அவர் விரலை நீட்டுவார், விலங்கு மாட்டுவார்கள், முற்றும். ஒரு தாளில் விலங்கு டாக்டருக்கு, ஒன்றில் வக்கீலுக்கு, மற்றவற்றில் டிரைவருக்கு, சமையல்காரனுக்கு, மைத்துனனுக்கு. வெட்டோ நூல் பிடித்தது போல நேர். எந்தத் தாளும் எந்தப் புத்தகத்திலும் பொருந்தியது. சரியான தாளை எடுக்கக் கொலைகாரன் யாரென்று தெரிய வேண்டும். கொலைகாரன் யாரென்று தெரியச் சரியான தாள் வேண்டும்.

இரண்டு நாள் பல்லைக் கடித்தார். மூன்றாம் நாள் டப்பாவோடு சமையலறை வாசலில் நின்றார்.

"இந்த நீல அட்டையில... யாருன்னு நினைக்கிறே?"

"டாக்டர்."

"முடிவே இல்லாம எப்படிடி தெரியும்?"

"கொட்டற மழையில நடந்து வந்தேங்கறான். செருப்பு காஞ்சு கிடக்கு. ரெண்டாம் பக்கத்துலயே இருக்கேங்க."

அவரும் படித்த பக்கம்தான். அப்போது டாக்டருடைய கோட்டின் தையலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நீ கடைசிப் பக்கத்தைப் பாக்கலையா?"

"அது எதுக்குங்க எனக்கு? ஆமா, ஊரார் துணியை வெட்டினா சாக்பீஸ்ல அடையாளம் போடுவீங்களே. இதுக்குப் போடலையா?"

அவர் டப்பாவைப் பார்த்தார்.

"சரி சரி, ஊசி நூலை எடுத்துட்டு வாங்க. நான் சொல்லச் சொல்லத் தைங்க."