அதிபரும் கோச்சும்

"அதிபர் போட்ட உத்தரவு செல்லாதுன்னு சொல்ல யாருக்குடா அதிகாரம்?"

"உங்களுக்குத்தான், கோச்," என்றான் கோல்ட்டன்.

கோச் ஹார்லன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கடித்தார். சர்ச்சுக்குப் போகும்போதுகூட அவர் அதைக் கழற்றியதில்லை. அமெரிக்க அரசியல் பாடத்தை ஃபுட்பால் கோச்சின் தலையில் கட்டுவது டெக்சாஸ் பள்ளிகளின் வழக்கம். ஹார்லனுக்கும் புத்தகத்தின் பின்பக்க விடைகள் அளவுக்கு அரசியல் தெரியும்.

கோல்ட்டன் டீமை நடத்தும் குவார்ட்டர்பேக். பாடத்தில் தேறாவிட்டால் வெள்ளிக்கிழமை ஆட முடியாது. அவன் இல்லாவிட்டால் தோல்வி. தோற்றால், ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டு கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

"உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். அதிபர்னா குவார்ட்டர்பேக். நீதான்."

கோல்ட்டன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப நீங்க?"

"காங்கிரஸ். சட்டம் போடற சபை."

மாலைப் பயிற்சியில், "எல்லாரும் பத்து ரவுண்டு ஓடுங்கடா!" என்றார்.

"வீட்டோ," என்றான் கோல்ட்டன். "அதிபர் கையெழுத்துப் போட மாட்டார்."

மறுநாள் கோச் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மூணுல ரெண்டு பங்கு உறுப்பினர் சேர்ந்தா உன் வீட்டோ குப்பைக்குப் போகும்டா!"

"அப்ப காங்கிரஸ்னா ஒரு ஆள் இல்லையா?" என்ற கோல்ட்டன், டீமையே காங்கிரஸாக்கி ஓட்டெடுத்தான். ஓட்டம் ஒழிந்தது. கூடவே தண்டாலும்.

"டேய், நான் சுப்ரீம் கோர்ட்! என் பேச்சுதான் கடைசி!"

"ஜட்ஜை நியமிக்கறதே அதிபர்தானே, கோச்? உங்களை நான் எப்ப நியமிச்சேன்?"

டீம் புல்லில் புரண்டு சிரித்தது.

ஆனாலும் பரீட்சையில் கோல்ட்டனுக்குத் தொண்ணூற்றேழு. வெள்ளிக்கிழமை அபார வெற்றி. திங்களன்று கோச் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

"பார்த்தியா டார்லீன், நான் பாடம் நடத்தற லட்சணத்தை? இனி எந்தப் போர்டும் என்னை அசைக்க முடியாது!"

கிளார்க் டார்லீன் டோனட்டைக் கீழே வைத்தாள்.

"கோல்ட்டனுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சாம், கோச். ஸ்கூல் போர்டு தேர்தல்ல நிக்கறான். முதல் வாக்குறுதியே புதுக் கோச்தான்."