ஒரு நெட், ரெண்டு கம்ப்யூட்டர்

"வந்துடுச்சா?" என்று முன்னறையிலிருந்து மாஸ்டர் கத்தினார்.

"வரலீங்க," என்று படுக்கையறையிலிருந்து சிஸ்டரின் குரல் கேட்டது.

"இப்போ?"

"இப்பவும் இல்லீங்க."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதால் அவர் தெருவுக்கே மாஸ்டர். நர்ஸ் என்பதால் அவர் மனைவி தெருவுக்கே சிஸ்டர். பதினெட்டு வருஷமாக சிஸ்டருக்கு இரவு ட்யூட்டி. காலையில் அவர் வீட்டுக்குள் நுழையும்போது மாஸ்டர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். குடித்தனம் நடந்ததே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டுகளில்தான். 'கேஸ் தீர்ந்துவிட்டது.' 'சரி.' 'நேற்று உங்கள் பிறந்தநாள்.' 'அப்படியா, நன்றி.'

அன்று பதினோரு மணிக்கு சிஸ்டருக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல். பகல் வேலை! கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், செல்போன் கூடாது என்று கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். மாஸ்டர் லீவு போட்டுவிட்டு வெற்றித் திலகமிடாத குறையாகக் காத்திருந்தார். ஒன்பதரை மணிக்கு வீட்டு வைஃபை பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் உயிரை விட்டது.

வெளியிலிருந்து வரும் நெட் ஒயரை மாஸ்டர் நேராகத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். அதில் நெட் வந்தது. ஆனால் அந்த ஒயர் முன்னறையைத் தாண்டி எட்டாது.

"என் கம்ப்யூட்டரை அங்கேயே தூக்கிட்டு வந்துடறேனே," என்றார் சிஸ்டர்.

"நெட்டைத் தேடி நீ வர்றதா? நெட் உன்னைத் தேடி வரும்!"

மாஸ்டர் செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்தார். செல்போனின் அன்றைய டேட்டா அத்தோடு தீர்ந்தது. இன்னொரு நீள ஒயரை எடுத்துத் தன் கம்ப்யூட்டரிலிருந்து சிஸ்டரின் கம்ப்யூட்டருக்கு இழுத்தார். இனி 'இணைப்பைப் பகிர்' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்தால் போதும். அடித்தார். வெளியிலிருந்து வரும் இணைப்பில் அடிக்க வேண்டியதை, உள்ளே போகும் இணைப்பில் அடித்துவிட்டார்.

சிஸ்டருக்கு நெட் போகவில்லை. மாஸ்டருக்கு இருந்த நெட்டும் போயிற்று. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா!

"ரிவர்ஸ் கியர்ல போட்டுட்டேன், அவ்வளவுதான்," என்று டிக்கை மாற்றினார். அத்தோடு நின்றிருக்கலாம். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு என்று வீடியோவில் சொன்னது நினைவுக்கு வர, இரண்டிலும் தன் கையாலேயே எண்ணைத் தட்டினார். இரண்டுக்கும் ஒரே எண். ஒரே கதவு எண்ணை ரெண்டு வீட்டுக்கு எழுதிவைத்தால் தபால்காரர் எந்த வீட்டுக்குப் போவார்? இரண்டு திரைகளும் ஒன்றை ஒன்று குற்றம்சாட்டி மஞ்சள் முக்கோணம் காட்டின.

மணி பத்து ஐம்பது. சிஸ்டரின் தம்பி போனில் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டான்.

"மாமா, எண்ணை அழிச்சுட்டு, தானா எடுத்துக்கற மாதிரி விட்டுடுங்க. அப்புறம் எதையும் தொடாதீங்க."

அவன் சொன்னதில் முதல் பாதியை மாஸ்டர் செய்தார். இரண்டாம் பாதி அவர் மானத்தைத் தொட்டது.

பத்து ஐம்பத்தெட்டுக்கு சிஸ்டர் நேர்காணல் இணைப்பைத் தட்டினார். "என்னங்க, ஏதோ வட்டமா சுத்துது!"

"சுத்துதா? அப்போ ஒயர் லூஸ்!"

மாஸ்டர் ஓடிவந்து மேசைக்கு அடியில் பாய்ந்தார். அங்கே பாம்புப் புற்று மாதிரி ஒயர்கள். கைக்குக் கிடைத்த இரண்டைப் பிடுங்கினார். திரை கறுத்தது.

"இப்போ?"

"இப்போ ஒண்ணுமே இல்லீங்க."

"எஞ்சின் சத்தம் கேக்குதே!"

கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். தகரம் விரலைக் கிழித்தது. சிஸ்டர் முதலுதவிப் பெட்டியை எடுத்துவந்து காயத்தைத் துடைத்து, மருந்திட்டு, இரண்டே நிமிஷத்தில் கட்டுப் போட்டார். பிறகு அந்த ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"நேர்காணல் நடந்துட்டிருக்கும்மா. இப்ப உள்ளே யாரையும் கூப்பிட முடியாது," என்று வைத்துவிட்டார்கள்.

"வேற யாரையோ உள்ளே கூப்பிட்டுட்டாங்க போல," என்றார் சிஸ்டர்.

மாஸ்டர் பதறி எழுந்தார். மேசை அவர் தலையில் 'ணங்' என்று மோதியது.

"அசையாதீங்க. என்னைப் பாருங்க. எத்தனை விரல்?"

"மூணு."

"சரி. இன்னிக்கு என்ன கிழமை?"

"நான் உருப்படாத கிழமை," என்றார் மாஸ்டர். "ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கக் கத்துக்கொடுக்கறேன். எனக்குப் பிடிக்கத் தெரியலை. உன் வேலையைக் கெடுத்துட்டேனேம்மா."

சிஸ்டர் அவர் தலையில் ஈரத்துணியை வைத்து அழுத்தினார். "போனாப் போகுதுங்க. இந்த நேரத்துல நாம ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டு ஒரே அறையில உட்கார்ந்து எத்தனை வருஷமாச்சு? சண்டை போடக்கூட நமக்கு நேரம் வாய்ச்சதில்லை."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடலாமா?"

"போடலாம். முதல்ல உங்க முழங்காலுக்குக் கீழே இருக்கற ஒயரை எடுங்க."

அது திரையிலிருந்து வரும் ஒயர். பக்கத்தில் கிடந்தது ஸ்பீக்கர் ஒயர். சிஸ்டர் இரண்டையும் அதனதன் இடத்தில் செருகினார்.

திரை பளிச்சென்று விழித்தது. ஒரு நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்து அம்மாள் வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

மாஸ்டர் சடாரென்று மேசைக்குக் கீழே ஒளிந்தார். சிஸ்டர் முடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மன்னிக்கணும் சார், அரைமணி நேரம் லேட் ஆயிடுச்சு. நேர்காணலை இப்ப ஆரம்பிக்கலாங்களா?"

ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை மூடினார்.

"சரியா பதினோரு மணியிலேருந்து உங்க கேமராவும் மைக்கும் நல்லாவே வேலை செய்யுதுங்க மேடம், நீங்க சாருக்கு மூணு விரல் காட்டினப்பவே நேர்காணல் முடிஞ்சுடுச்சு, வேலைக்கு என்னைக்கு வர்றீங்க?"