மாதிரிக் கரடியும் முனைவர் ஆகாத நரியும்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்துச்சு. எந்த நரின்னு தேட வேண்டாம், நான்தான். நரின்னு சொன்னதும் இவன் யாரை ஏமாத்தப் போறான், எதைத் திருடப் போறான்னு உங்க கண்ணு சுருங்குது பாருங்க. உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. எங்க வம்சத்தைப் பத்தி எழுதி வெச்சிருக்கிறது அப்படி. ஆனா நான் படிச்ச நரி. வனப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவன். பேருக்கு முன்னால ‘முனைவர்’னு ஒண்ணு ஒட்டிக்கிட்டா, நான் சொல்றதை நாலு பேர் நம்புவாங்கன்னு ஒரு நப்பாசை. அந்த ஆசைதான் என்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்து விட்டுச்சு.

என் ஆய்வுத் தலைப்பு இது: ‘புளித்த இலுப்பைப்பூ அருந்தும் வனவிலங்குகளிடையே போதைப் பழக்கத்தின் ஆபத்துக் காரணிகளும் போக்குகளும்’. சொல்லி முடிக்கிறதுக்குள்ள முயலெல்லாம் வளைக்குள்ள போயிடும். சுருக்கமாச் சொன்னா, யார் குடிக்கிறா, ஏன் குடிக்கிறா, எப்படிக் குடிக்கிறா. அவ்வளவுதான்.

எங்க காட்டுல கோடை வந்தா இலுப்பைப்பூ கொட்டோ கொட்டுன்னு கொட்டும். பாறைக்குழியில தேங்கின தண்ணியில விழுந்து, ஊறி, புளிச்சு, நுரை கட்டும். அதைக் குடிச்சா யானையே எறும்புக்கு வழிவிட்டு நிக்கும். வருஷாவருஷம் இதே கூத்து. இதைப் பத்தி யாரும் ஆராய்ச்சி பண்ணலியேன்னு நான் போய்த் தலையைக் குடுத்தேன்.

முதல்ல அறநெறிக் குழு அனுமதி வாங்கணும். குழுவுல பாம்பும் கீரியும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்களோன்னு பயந்தேன். நான் தலைப்பைப் படிச்சு முடிச்சப்ப ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க. எழுந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க: “குடிக்கிறவங்க விஷயத்துல நீ குறுக்கிடக் கூடாது. குடின்னும் சொல்லாதே, குடிக்காதேன்னும் சொல்லாதே. பாரு. எழுது. போ.”

சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். சும்மா வேடிக்கை பார்க்கிறதுக்குப் பட்டம் தர்றாங்கன்னா கசக்குமா?

தரவு சேகரிக்கப் போனப்பதான் மண்டை காய்ஞ்சுது. யானைகிட்ட “ஏன் குடிக்கிறீங்க?”ன்னு கேட்டேன், தூக்கி முள்ளுப் புதர்ல போட்டுட்டார். குரங்குகள் ஒரு பதிலுக்கு ஒரு பழம் கேட்டுச்சு. பழத்தைக் குடுத்தா, “உனக்கு எந்தப் பதில் வேணும்?”னு திருப்பிக் கேட்டுச்சு. காட்டுப்பன்னி மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, “நானா? குடியா? அந்த வாடையே எனக்கு ஆகாது”ன்னுட்டு அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு.

என் நெறியாளர் பேராசிரியர் ஆமை. ஒரு இயலை எழுதிக் கொண்டு போய்க் குடுத்தா தலையை உள்ள இழுத்துக்குவார். ஒரு பருவம் கழிச்சு வெளிய நீட்டி, “காற்புள்ளி சரியில்ல”ன்னுவார். அவர்கிட்ட போய் அழுதேன்.

“ஒருத்தர் போதும்ப்பா. நல்ல குடிகாரனாப் பார்த்து ஆழமாப் பண்ணு”ன்னார்.

நல்ல குடிகாரன்னா எங்க காட்டுல கரியப்பண்ணன்தான். கரடி. இலுப்பை மரத்தடியே கதின்னு கிடக்கிறவர். முந்தியெல்லாம் தேன்கூடு இறக்குறதுல அவரை அடிச்சுக்க ஆள் இல்லையாம். இப்ப கையெல்லாம் நடுக்கம். அவர் நடந்து போனா, மான்கள் ஒதுங்கி நின்னு, “அந்த ஆளு ஒரு மாதிரி, பக்கத்துல போகாதே”ன்னு குட்டிகளை இழுத்துக்கும். காடு முழுக்க அவருக்கு அதான் பேரு. ‘ஒரு மாதிரி’.

நான் முதல் தடவை போனப்ப குகை வாசல்ல சண்டை நடந்துக்கிட்டிருந்துச்சு. அவர் சம்சாரம் மருதாயி அண்ணி குட்டியை முதுகுல தூக்கிக்கிட்டு நின்னாங்க.

“இங்க பாரு, மழை பிடிக்கிற வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நீ நிறுத்தலேன்னா, குட்டியைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா மலைக்குப் போயிடுவேன். மழையில நீ எங்க விழுந்து கிடக்கிறேன்னு தேடிக்கிட்டுத் திரிய என்னால முடியாது.”

அண்ணன் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா பாருங்க, என் புத்தி எங்க போச்சு தெரியுமா? ‘குடும்பத் தகராறு, முக்கியமான ஆபத்துக் காரணி’ன்னு உள்ளுக்குள்ள குதிச்சேன்.

அண்ணி உள்ள போனதும் மெதுவா அவர் பக்கத்துல உக்காந்தேன்.

“அண்ணே, ஒரு ஆராய்ச்சி பண்றேன். குடிக்கிறதைப் பத்தி. நீங்க ஏன் குடிக்கிறீங்க?”

மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னார்: “பூ விழுது தம்பி. விழுந்து புளிக்குது. நான் பக்கத்துலயே இருக்கேன்.”

படிச்ச புத்தகத்துல எல்லாம் இதை இவ்வளவு தெளிவா யாரும் சொல்லல.

“இந்தக் காட்டுல நான் எத்தனையோ பேரைப் பார்த்தேன் அண்ணே. கடைசியில உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கேன். நீங்கதான் என் மாதிரி.”

அவர் தலையை நிமித்தினார்.

“என்னது?”

“மாதிரி அண்ணே. என் ஆய்வுக்கு நீங்கதான் மாதிரி.”

“மாதிரியா? நானா?” கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. “‘ஒரு மாதிரி’ இல்லியே? வெறும் மாதிரிதானே?”

“வெறும் மாதிரிதான் அண்ணே.”

ஆராய்ச்சியில மாதிரின்னா என்ன? கூட்டத்துல இருந்து சோதிச்சுப் பார்க்க எடுக்கிற ஒண்ணு. அவ்வளவுதானே? நான் அந்த நெனைப்புலதான் சொன்னேன். அவர் காதுல விழுந்தது வேற. மாதிரி மாணவன், மாதிரி கிராமம்ங்கிறாங்களே, அப்படி ஒரு மாதிரிக் கரடி! மத்தவங்க பார்த்து நடந்துக்க வேண்டிய கரடி! இது தெரியாம நான் வாலை ஆட்டிக்கிட்டு வந்துட்டேன்.

மறுநாள் போனா மரத்தடியில அண்ணனைக் காணோம். குகைக்குப் போனேன். உக்காந்து ரோமத்தைக் கோதிக்கிட்டிருந்தார். உடம்பெல்லாம் உதறுது, வேர்த்துக் கொட்டுது. அண்ணி பக்கத்துல உக்காந்து காலைத் தேய்ச்சு விடறாங்க.

“என்னண்ணே, இன்னிக்குப் பூ பக்கம் போகலியா?”

“எப்படித் தம்பி போறது? மாதிரின்னு ஆயாச்சு. நான் விழுந்து கிடந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

இவரைப் பத்தி ஒரு வரிகூட இன்னும் எழுதல. அதுக்குள்ள குடிகாரன் குடியை விட்டா என் பொழப்பு என்ன ஆகறது? நாளைக்குத் தானா விழுந்துடுவார்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

விழல. பாவி மனுஷன்... மனுஷன் என்ன, கரடி, விழவே இல்ல. கிளிகள் வேற விஷயத்தைக் காடு பூரா பரப்பிடுச்சு. “கரியப்பனைப் பல்கலைக்கழகமே மாதிரின்னு அறிவிச்சிருச்சாம்!” ஒதுங்கிப் போன மான்களே குட்டிகிட்ட, “மாமாவுக்கு வணக்கம் சொல்லு”ன்னுச்சு. யானை வழியில பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கினார். நடுக்கம் குறைஞ்சு, அண்ணன் மறுபடி ஒரு தேன்கூடு இறக்கிட்டு வந்தார். எனக்கும் ஒரு தேனடை குடுத்தார். துக்கத்தோட தின்னேன்.

சாடைமாடையாச் சொல்லிப் பார்த்தேன். “அண்ணே, காத்தாட அப்படியே இலுப்பை மரத்தடிப் பக்கம் போய்ட்டு வரலாமா?”

“தம்பி, மாதிரி போற எடமா அது?”

குறுக்கிடக் கூடாதுன்னு குழு சொல்லியிருக்கு. என் வாயில இருந்து விழுந்த ஒரே வார்த்தை, குறுக்கே போய்ப் படுத்துக்கிச்சு. எடுக்கவும் முடியல, தாண்டவும் முடியல.

வேற வழி இல்லாம பேராசிரியர்கிட்ட போனேன். முழுக்கதையையும் கேட்டுட்டு, ஆச்சரியம் பாருங்க, தலையை உள்ள இழுத்துக்கல.

“கலைச்சொல்லை விளக்காம விட்டது உன் தப்பு. போய் அந்தக் கரடிகிட்ட சரியான பொருளைச் சொல்லு.”

“சொன்னா மறுபடி குடிக்க ஆரம்பிச்சிடுவாரே ஐயா.”

“ஆரம்பிக்கட்டும். விட்டவங்க மறுபடி எப்படி விழறாங்கன்னு உன் ஆய்வுல ஒரு இயலே இல்ல. அது வந்துட்டா அடுத்த பருவமே உனக்குப் பட்டம். நான் பொறுப்பு.”

வாழ்க்கையில முதல் தடவையா அந்த ஆமை ‘அடுத்த பருவம்’னு ஒரு நல்ல செய்திக்காகச் சொல்லிச்சு. கால் தரையில பாவல. முனைவர் நரி! அதுவும் எதுக்காக? உண்மையைச் சொல்றதுக்காக! எங்க வம்சத்துக்கே இது புதுசு.

வானம் கறுத்துக்கிட்டிருந்துச்சு. குகை வாசல்ல அண்ணி சுள்ளி பொறுக்கிக்கிட்டிருந்தாங்க. என் மூஞ்சியைப் பார்த்ததுமே கையில இருந்ததைக் கீழ போட்டாங்க.

“என்ன தம்பி, அவர்கிட்ட எதையோ சொல்ல வந்திருக்கே போல.”

“ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லணும் அண்ணி. அவ்வளவுதான்.”

“மாதிரிங்கிற வார்த்தைக்கா?”

நான் ஒரு அடி பின்னால வெச்சேன்.

“எனக்குத் தெரியும் தம்பி. தேன் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பார்க்கிறோமே, அதானே மாதிரி? அன்னிக்கு நீ வாசல்ல சொன்னது உள்ள கேட்டுச்சு, அப்பவே புரிஞ்சுது.”

“அப்ப ஏன் அவர்கிட்ட சொல்லல?”

“ஏன் சொல்லணும்?” அண்ணிக்குக் கோவம் வந்துடுச்சு. “கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து நான் அழுதிருக்கேன், திட்டியிருக்கேன், அடிச்சும் இருக்கேன். எதுக்கும் கேக்காத ஆளு, நீ சொன்ன ஒத்தை வார்த்தைக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். நான் மூட்டை கட்டலாமா வேண்டாமான்னு தினம் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நீ உள்ள போய் அர்த்தம் சொல்லு. சொல்லிட்டு வா, நாங்க கிளம்பறோம்.”

தடுக்கல. வழியை விட்டு ஒதுங்கி நின்னுட்டாங்க. தடுத்திருந்தா சண்டை போட்டுக்கிட்டாவது உள்ள போயிருப்பேன்.

உள்ள போனேன். அண்ணன் குட்டிக்குக் கரையான் உறிஞ்சக் கத்துக் குடுத்துக்கிட்டிருந்தார். குட்டி மூக்கு பூரா மண்ணு.

“வா தம்பி! உன் ஆராய்ச்சி எப்படிப் போகுது? என்னால ஒண்ணும் குறை இல்லியே?”

“அண்ணே, அந்த மாதிரின்னு சொன்னேனே...”

“ஆமா?”

“அது ஒரு கலைச்சொல் அண்ணே. ஆராய்ச்சியில மாதிரின்னா, வந்து, கூட்டத்துல இருந்து ஒண்ணை எடுத்து...”

அவர் கை நின்னுடுச்சு. ரொம்ப மெதுவாக் கேட்டார்.

“அப்ப, நல்லவன்னு அர்த்தம் இல்லியா தம்பி?”

அந்தக் கை லேசா நடுங்க ஆரம்பிச்சுது. இடி ஒண்ணு இடிச்சுது. குட்டி அவர் காலைக் கட்டிக்கிச்சு. என் நாக்கு நுனியில பட்டம் உக்காந்திருக்கு. ‘இல்ல அண்ணே’ன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும், நான் முனைவர்.

சொல்ல வேண்டியதுதானே? உண்மைதானே? எங்கப்பன், பாட்டன் எல்லாம் பொய் சொல்லியே வடையும் எலும்பும் சம்பாதிச்சவங்க. உண்மை சொல்லிப் பெரிய ஆளாகிற வாய்ப்பு எனக்கு மட்டும்தான் கெடைச்சுது. வாயைத் திறந்தேன். திறந்தா என்ன வருது பாருங்க!

“யார் அண்ணே சொன்னா? நல்லவன்னுதான் அர்த்தம். கூட்டத்துல இருந்து ஒருத்தரை எடுக்கிறதுன்னா, இருக்கிறதுலயே ஒசத்தியானவரைத்தானே எடுப்பாங்க? அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்க, குகையில இருந்த தூசியெல்லாம் பறந்துச்சு.

“நல்லவேளை தம்பி. ஒரு நிமிஷம் பயந்துட்டேன்”னார்.

அப்புறம், அந்த இயல் இல்லாமலே ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு. தேர்வாளரா வந்தது கொக்கு. ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டுக் கேட்டார்:

“உங்க மாதிரி இப்பக் குடிக்கிறாரா?”

“இல்லீங்க ஐயா.”

“மறுபடி விழுந்தாரா?”

“இல்லீங்க ஐயா.”

“அப்ப உங்க கண்டுபிடிப்புதான் என்ன?”

“நல்லவன்னு யாராவது சொன்னதாத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, சிலபேர் குடியை விட்டுடறாங்க ஐயா.”

கொக்கு அடுத்த காலையும் தூக்கிடப் பார்த்தார். “இது கண்டுபிடிப்பு இல்ல, முறையியல் பிழை”ன்னு தீர்ப்புச் சொன்னார். ஆமை தலையை உள்ள இழுத்துக்கிட்டார். இந்தத் தடவை எந்தப் பருவத்துல வெளிய வருவார்னு தெரியல. பட்டம் இல்லேன்னு என்னை அனுப்பிட்டாங்க.

வெளிய வந்தா மழை பிடிச்சுக்கிச்சு. எங்க போறதுன்னு தெரியாம நடந்தேன். கால் தானா கரடிக் குகைக்கு எதிர்ல போய் நின்னுடுச்சு. உள்ள யாராவது இருக்காங்களான்னு பார்க்கவே பயமா இருந்துச்சு. இருட்டுக்குள்ள அண்ணன் குறட்டை கேட்டுச்சு. அது போதைக் குறட்டை இல்ல, உழைச்ச குறட்டை. எனக்கு வித்தியாசம் தெரியும், ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்ல! குட்டி அவர் வயித்து மேல படுத்திருந்துச்சு. அண்ணி மூட்டை எதுவும் கட்டாம, உக்காந்து தேன் பிழிஞ்சுக்கிட்டிருந்தாங்க.

என்னைப் பார்த்தாங்க. பட்டம் என்ன ஆச்சுன்னு கேக்கல. நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாங்க.

“உள்ள வா தம்பி, நனையாதே.”

போனேன். அழுகை வந்துடுச்சு. தோத்துட்டேனேன்னுதான் அழுதேன். வேற எதுக்குன்னு நீங்களா ஏதாவது கற்பனை பண்ணிக்காதீங்க.

நீதி: ஆராய்ச்சியில் ஒருபோதும் பொய் சொல்லாதீர்கள். சொன்னால் யாராவது பிழைத்துத் தொலைத்துவிடுவார்கள்.