மூன்று நாள் கொரியா

இயேசு மரி சூசை

ஓசூர்,
வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கை பிலோமினாவுக்கு,

உன் அக்கா செலஸ்டின் மேரி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ சுகமாக இருக்கவும், உன் வீட்டுக்காரரின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கவும் மாதாவை வேண்டுகிறேன்.

போனில் நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். கொரியாவில் நடக்கப்போகிற உலக இளையோர் நாளுக்கு எங்கள் பங்கிலிருந்து போகிறவர்களில் ஓர் இடம் இழுபறியாக இருக்கிறது. அது இங்கே வேலை பார்க்கிற உன் மகன் ஆல்வினுக்கா, அஞ்செட்டிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி கம்பெனிக்குப் போகிற ரெஜினா என்கிற பெண்ணுக்கா என்பது இப்போது என் வாயில்தான் இருக்கிறது. எப்படியென்றால், கொரியாவில் இவர்கள் முதலில் சில நாள் முன்பின் தெரியாத குடும்பங்களோடு தங்கவேண்டுமாம். அதற்குப் பழக்குவதற்காகப் பங்குத் தந்தை ஒவ்வொருவரையும் இங்கேயே ஒரு வீட்டில் மூன்று நாள் தங்கவைத்து, வந்தவர் தேறினாரா என்று ஞாயிறு பூசைக்குப் பிறகு அந்த வீட்டார் சொல்லவேண்டும் என்றிருக்கிறார். எங்கள் ஊரில் ஆளுக்கு மூன்று பாஷை தெரியும், தமிழ் இல்லாவிட்டால் கன்னடம், அதுவும் இல்லாவிட்டால் தெலுங்கு என்று தப்பித்துவிடுவார்கள், ஆகவே எந்தப் பாஷையும் கூடாது, சைகை மட்டும்தான் என்று விதி. ரெஜினா என் வீட்டுக்கு வந்தாள். அவள் தேறவில்லை என்று நான் சொன்னால் ஆல்வின் போவான். சொல்லிவிடுகிறேன், கவலைப்படாதே. பொய்யும் சொல்லவேண்டியதில்லை, விதியை மீறித்தான் விட்டாள். நடந்ததைக் கேள்.

கான்வென்டில் படித்தவள் ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாகச் செய்வேனா? இனி என் வீடு கொரியா என்று முடிவு செய்து, காபித் தட்டோடு வாசலில் நின்றேன். அவள் போனில் கொரியா சீரியலாகப் பார்க்கிறவளாம், இடுப்புவரை குனிந்து வணங்கினாள், தலை தட்டில் முட்டி, காபி முழுக்க என் வெள்ளைப் புடவையில். வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்ல, போய் மூஞ்சியைத் தொடை, கொடியில துண்டு கிடக்கு, நீலம் இல்ல, வெள்ளை" என்றேன். சாப்பாட்டுக்குக் குச்சி வேண்டுமே, ஸ்வெட்டர் பின்னுகிற என் ஊசிகளைக் கழுவி வைத்தேன். அந்தப் பெண் அதாலேயே இட்லியைப் பூப்போல எடுத்துச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டாள். என் இட்லி வழுக்கிப் பறந்து உன் அத்தான் படத்துக்கு முன்னால் போய் விழுந்தது. "இருந்தவரைக்கும் இட்லின்னா மூஞ்சி சுளிச்சீங்க, இப்போ தேடி வருது பாருங்க" என்று அவரிடம் சொன்னேன், அவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் சமையலறைக்கு ஓடினாள். பிறகு அவர் யாரென்று அவளுக்குச் சொல்லவேண்டி வந்தது. அவர் போர்மேன் ஆனது, நம் மதர் என்னை முட்டி போடவைத்தது, நீ விடுதிச் சுவரேறி மாட்டிக்கொண்டது, எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாத ஓர் ஆளிடம் பேசுவது எத்தனை சுகம் என்று உனக்குத் தெரியாது, நீதான் என்னைப் பேசவே விடமாட்டாயே. அவ்வளவு ஒழுங்காக விதியைக் காத்தாள், நேற்றுக் காலை வரை.

நேற்று நான் குளிக்கப் போன நேரம் பக்கத்து வீட்டு முனிலட்சுமி மோர் கொண்டுவந்திருக்கிறாள். தெலுங்கில் என்னவோ கேட்க, இவள் கையைக் கையை ஆட்ட, "அய்யோ, இவ்ளோ லட்சணமான பொண்ணுக்கு வாய் இல்லாம போச்சே" என்று அழுதுகொண்டே ஓடி, வசம்பைத் தேனில் இழைத்துவந்து, பேச்சு வராத பிள்ளைக்குத் தடவுவதுபோல் இவள் நாக்கில் வழித்துவிட்டாள். "அய்யோ ஆத்தா, எரியுதே!" என்று ரெஜினா போட்ட கூச்சலில் நான் ஈரத் தலையோடு ஓடிவந்தேன். அதற்குள் முனிலட்சுமி நடுத்தெருவில் நின்று "மாட்லாடிந்தி! மாட்லாடிந்தி!" என்று கத்த, பேசிட்டா, பேசிட்டா என்று தெருவே என் வாசலில் கூடிவிட்டது. மூலைக்கடை பஷீர் அஹமது கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, "என்ன மேரியம்மா, ஊமைப் பொண்ணு பேசிடுச்சாமே, மாதாவுக்கு நேர்ந்துகிட்டீங்களா?" என்கிறார். ஒருத்தி இன்னும் பேச்சு வராத பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறாள். இது அற்புதம் இல்லை, கொரியா என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தொண்டை வற்ற விளக்கினேன். "ஓ, கொரியாப் பொண்ணா?" என்றாள் முனிலட்சுமி. "அதான் பார்த்தேன். வசம்பு வெச்சதும் தமிழே வந்துடுச்சு!"

ஆக, வாய் திறந்தது திறந்ததுதான். விதி என்றால் விதி. ஞாயிறன்று சொல்லிவிடுவேன், ஆல்வினைப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடச் சொல். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர். மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

அன்பு அக்கா,
செலஸ்டின் மேரி

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து, ஞாயிறும் வந்துவிட்டது. பூசை முடிந்ததும் ஃபாதர் முதலில் பிள்ளைகளைப் பேசச் சொன்னார். ரெஜினா எழுந்து, "நான் ஒரு தடவை பேசிட்டேன் ஃபாதர், என்னைத் தள்ளிடுங்க, பரவால்ல. ஆனா அம்மா கொரியாவா இருக்கவே இல்ல, மூணு நாளும் தமிழ்ல பேசிக்கிட்டே இருந்தாங்க. வேலை முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போனா என்கிட்ட யாரும் இவ்ளோ பேச மாட்டாங்க" என்றாள். கோயிலே சிரித்தது. விதி வீட்டாருக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபாதர் என்னைப் பார்த்தார். "பெண் தேறிவிட்டாள் ஃபாதர், தேறாதது கொரியாதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆல்வினிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ அழாதே. ரெஜினாவுக்கு இன்று லீவு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறாள். இப்போது விதி ஒன்றும் இல்லையே, பேசுகிறாள், பேசுகிறாள், நான் வாய் திறக்க இடமே கொடுப்பதில்லை.