மாமனார் தலையில் மாட்டிய வட்டக் கம்பளி

அன்பளிப்பைப் பெறுபவர் கண் முன்னாலேயே பிரிக்கச் சொல்லலாம். "போட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்த ஞானம் எனக்குக் கிடைத்தது ஒரு கார்த்திகை மாதக் கடைசி முகூர்த்தத்தில், ஜவ்வாது மலையில், செல்வியின் வீட்டுக் கூடத்தில்.

நான் கண்ணமங்கலத்துக்காரன். மலையில் நர்ஸாக இருந்த செல்வியை விரும்பினேன். அவள் அப்பா வெகுநாள் இழுத்தடித்து, நிச்சயதார்த்தத்துக்கு அரைமனதாகத் தலையாட்டியிருந்தார். அன்று தட்டு மாற்றாவிட்டால் அடுத்து மார்கழி. தை பிறக்கும்வரை அந்த அரைமனது காலாகுமா, முழுதாகுமா என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்கவில்லை. (தேடிப் பார்த்துவிட்டேன்.)

ஆகவே முன்னேற்பாடாக, மலைக் குளிருக்கு அவருக்கொரு கழுத்துக் கம்பளி பின்னினேன். முனையே இல்லாத வட்டக் கம்பளி. தலைவழியாக மாட்ட வேண்டும். மஞ்சளும் அரக்கும் மாறி மாறி, வரப்பு வரப்பாகப் புடைத்து நிற்கும் பின்னல். செல்போன் வீடியோதான் குரு. "முதல் வரிசைக் கண்ணிகளைத் தளர்வாகப் போடுங்கள்" என்றது. எனக்கோ தளர்வு என்றால் ஒழுக்கக்கேடு. கயிற்றுக் கட்டில் பின்னுவதுபோல் இறுக்கினேன். அளவுக்கு என் தலையையே வைத்துக்கொண்டேன். (அது காலி என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.)

மாமனாரோ பெரிய தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார். சபைக்குக் கட்டிய தலைப்பாகையைத் தட்டு மாற்றும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"இன்னா இது, ரெண்டு பக்கமும் ஓட்டையா கீது?"

"போட்டுப் பாருங்க மாமா" என்று நானே மாட்டிவிட்டேன்.

கம்பளி தலைப்பாகையைத் திணறித் தாண்டி, கண்ணை மூடி, மூக்கில் சிக்கி, வாய்வரை தொங்கியபடி நின்றது. கீழே இழுத்தால் மூக்கு விடவில்லை. மேலே இழுத்தால் தலைப்பாகையும் கூடவே வந்தது.

"தலப்பாவ கழட்டுனா சபைய வுட்டு எழுந்துடுவேன்!" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

கத்திரிக்கோல் தேடி ஓடினேன். செல்வியின் அத்தை மறித்தார். "நல்ல காரியத்துல கத்திரியா? இன்னா மாப்ள நீ!"

எங்கள் வேன் டிரைவர் முருகன், என் வயதுக்காரன், டயரே கழற்றுகிறவன் என்ற தன்னம்பிக்கையோடு முன்னால் குனிந்து இழுத்தான். "ஐயா, வாய மூடிக்கோங்க. நூலு உள்ள போவுது."

"ராகுகாலம் வந்துடும், தட்ட மாத்துங்க!" என்று அத்தை தாம்பூலத் தட்டை மாமனார் கையில் வைத்தார். அவர், எதிரே வந்த மூச்சுக்காற்றை நோக்கி அதை நீட்டினார்.

"எம் பொண்ண உங்க வூட்டுக்குக் குடுக்குறேன் சம்பந்தி!"

தட்டு கீழே விழுந்துவிடக் கூடாதே என்று முருகன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். மேளம் கொட்டியது. பக்கத்தில் என் அப்பா, நீட்டிய கை நீட்டியபடி நின்றார்.

இனித் தடையில்லை என்று தலைப்பாகையை அவிழ்த்தார்கள். கம்பளி சமர்த்தாகக் கழன்று வந்தது. மாமனார் முருகனை மேலும் கீழும் பார்த்தார்.

"யார்ரா நீ?"

"வேன் டிரைவருங்க."

என் கல்யாணம் அந்தத் தட்டில், வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே கிடந்தது.

"சபையில குடுத்த வாக்க நான் திருப்பி வாங்க மாட்டேன்" என்றார் மாமனார். "நீதான் சம்பந்தி. ஆனா புள்ளைக்கு எங்க போவ?"

முருகன் யோசிக்கவே இல்லை. என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினான். "இவன் கீறான்ல!"

தையில் கல்யாணம் நடந்தது. முருகன் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தான். கம்பளி இன்றும் மலை வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பிரிமணையாக இருக்கிறது. பானை ஆடுவதே இல்லை. கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் முருகன் ஹாரன் அடித்து, "இன்னாடா மகனே, சாப்ட்டியா?" என்று கத்துவான்.

வீட்டில் சண்டை வந்தால் செல்வி, "இருங்க, உங்க அப்பாவுக்குப் போன் போடுறேன்" என்பாள்.

எந்த அப்பா என்று நான் கேட்பதில்லை. வாசலில் வேன் வந்து நிற்கும்.